சந்தனத்தின் மேல் விழுந்த பழி

கருவூலக் காவல் படையின் திருவனந்தபுரம் முகாமில் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் அறைக்கு பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்று பெயர். அங்கே மணி ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன் வைத்த பெயர். ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துப்போக மறந்துவிட்டான். அந்த அறையின் ஆர்மரர் உலகம்மை. துப்பாக்கிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை. போனக்காடு எஸ்டேட்டில் அம்மா கொழுந்து கிள்ளிய அதே லாகவத்தில் மகள் ஸ்பிரிங்கையும் பின்னையும் பிடுங்குவாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிய துப்பாக்கி எதுவும் சமயத்தில் காலை வாரியதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

சொல்லிக்கொள்வதற்கென்றே முகாமில் வேறொருவர் இருந்தார். கமாண்டண்ட் பிரஜின். அவர் நெற்றியில் சந்தனம் காய்ந்து யாரும் பார்த்ததில்லை. ராகுகாலத்தில் ஸ்டேப்ளர்கூட அடிக்கமாட்டார். முகாமில் புதிய தண்ணீர்த் தொட்டி திறந்தபோது கணபதி ஹோமம் நடத்தினார். தொட்டிக்குத் தண்ணீர் வந்தது ஐந்து மாதம் கழித்து. மலையாளத்தைக் கொஞ்சம் வளைத்தால் அதுவே தமிழ் என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. உலகம்மையிடம் அப்படித்தான் பேசுவார்.

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கையில், அவருடைய சிபாரிசின்பேரில் அறுபது பிஸ்டல்கள் வந்து இறங்கின. விஜயகேசரி ஆர்மமென்ட்ஸ் என்ற கம்பெனியின் புத்தம்புதிய மாடல். பெயர் சண்டமாருதம்-9. கூடவே ஒரு பளபளப்புப் புத்தகம். முதல் பக்கத்தில் சிங்கம், இரண்டாம் பக்கத்தில் மின்னல், மூன்றாம் பக்கத்தில் கம்பெனி முதலாளி. பிஸ்டல் ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் தங்க எழுத்தில் ஒரு வாசகம்: பெட்டியைத் திறந்த நொடியே போருக்குத் தயார்.

இருபது பெட்டிகளைத் திறந்தார்கள். நாற்பது, கம்பெனி முத்திரையோடு அலமாரியில் ஏறின. முதல் பயிற்சியில் கான்ஸ்டபிள் அஞ்சு மூன்று தடவை சுட்டாள். நாலாவதற்கு விரலை இழுத்தால் பிஸ்டல் கல்லாகிவிட்டது. மூன்றாவது குண்டின் காலிக்கூடு வெளியே பறக்காமல், பிஸ்டலின் வாயில் சுருட்டு வைத்த மாதிரி செங்குத்தாக நின்றது.

“உலகம்மை சேச்சீ! தே நோக்கு, இது நின்னுபோச்சு!”

“பிடி இறுக்கமா இருந்திச்சா?”

“இதுக்கு மேல இறுக்கினா என் வளையல் உடையும், சேச்சி.”

அன்றைக்கு இருபதில் பதினேழு நின்றன. மறுநாள் பாக்கி மூன்றும் மனம் மாறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. உலகம்மை ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். சுட்ட கூட்டைக் கவ்வி வெளியே இழுத்து வீச ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதன் முதுகில் நெல்மணி நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். அதைக் கட்டைவிரலால் அமுக்கினாள். பேச்சு மூச்சில்லாமல் அமுங்கியது. “ஸ்பிரிங் தளர்வு, கொக்கி பிடிக்கவில்லை” என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இரண்டாவது எழுதினாள். மூன்றாவது எழுதினாள்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. பிரஜின் சார் ஒரு சண்டமாருதத்தைக் கையில் ஏந்தி, அதன் மேல் விரல் கனத்துக்குச் சந்தனத்தை அப்பி, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். “சார், இரும்பு மேல வேண்டாம், கைப்பிடியில ஒரு பொட்டு போதும்” என்று உலகம்மை சொல்லிப் பார்த்தாள். பக்திக்கு அளவு சொல்லக் கூடாது என்று பதில் வந்தது. விஜயதசமியன்று பூஜை முடிந்ததும் அவள் அந்த ஒரு பிஸ்டலைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தாள்.

கம்பெனியின் பதில் கடைசியில் வந்தது. பதினோரு பக்கம். நிறைய வரைபடம். சாராம்சம் ஒரே வரி: ஆயுத பூஜையில் பூசப்பட்ட சந்தனத்தின் நுண்துகள்கள் அறையெங்கும் காற்றில் பரவி, எல்லாப் பிஸ்டல்களின் உறுப்புகளிலும் படிந்ததே கோளாறுக்குக் காரணம். ஆதாரம், இணைப்பு நான்கு: கமாண்டண்டின் ஃபேஸ்புக் போட்டோ.

பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே பிஸ்டல்கள் நின்றுபோனதைச் சந்தனம் எப்படி முன்கூட்டித் தெரிந்துகொண்டது என்று அந்தப் பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

போட்டோவில் இருந்தவர் ஒரு நாள் பூராவும் வாடியிருந்தார். மறுநாள் தெளிந்துவிட்டார். பூசுகிறவன் பக்தன், துடைக்காதவள் குற்றவாளி. உலகம்மைக்கு மெமோ வந்தது. பராமரிப்பில் அலட்சியம், ஆர்மரர் பொறுப்பிலிருந்து நீக்கி வாசல் காவலுக்கு ஏன் அனுப்பக் கூடாது?

“உலகம்மே, நீ இதில ஒரு ஒப்பு இட்டா மதி,” என்று பிரஜின் சார் ஒரு தாளை நீட்டினார். துடைக்க மறந்தேன், மன்னிக்கவும் என்று அதில் அடித்திருந்தது. “பின்னே எல்லாம் ஞான் நோக்கிக்கொள்ளாம்.”

“தொடச்சேன், சார். நீங்க தேச்சது ஒண்ணு. பாக்கி பத்தொம்பதும் எதுக்கு நிக்குது?”

“காற்றில் பரவும்னு ரிப்போர்ட்டில் உண்டல்லோ.”

“காத்துல மணம்தான் சார் பரவும்.”

“வெள்ளிக்கிழமை கவர்மெண்ட் செயலாளர் மேடம் வருது. கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட் அனூப் நேரிட்டு வந்து சுட்டுக் காணிக்கும். நல்லா சுட்டா ரிப்போர்ட் பாஸ், இன்னும் ஐயாயிரம் பிஸ்டலுக்கு ஆர்டர். அதுக்கு முன்னே ஒப்பு இட்டா வாசல் டியூட்டி ஆறு மாசம். இட்டில்லேங்கில் ரிட்டயர் ஆகும்வரெ.”

உலகம்மை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழேயும் நின்றதில்லை. இப்போது அவளிடம் இருந்த சொத்தே அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் பழவங்காடிக்குப் போனாள். பிள்ளையார் கோயில் முக்கில் அவள் புருஷன் பகவதிப்பெருமாள் தேங்காய் விற்கிறான். வேண்டுதல்காரர்கள் வாங்கி, சந்நிதிக்கு முன்னால் ஓங்கி எறிந்து உடைப்பார்கள். எந்த நேரமும் அங்கே சடார் சடார் என்று சத்தம்.

“கேட்டியா உலகு,” என்றான் அவன், “எம் மாடல்ல நூத்துக்கு நூறும் வெடிக்கும். ஒண்ணுகூட நிக்காது. அந்தக் கம்பெனிக்காரன எங்கிட்ட ஒரு வாரம் வேலைக்கு அனுப்பு.”

“சிரிக்கதுக்கு இது நேரமில்ல. நாளைக்கு அவன் சுடுவான். நல்லாதான் சுடும். எனக்குத் தெரியும்.”

“அதெப்படி? அறுபதும் மண்ணுன்னு சொன்னியே.”

“அறுபதையும் தொடமாட்டான். வெல்வெட்டு வெச்ச பெட்டியில ஒண்ணு தனியா கொண்டு வாறான். டெமோ பீஸாம்.”

பகவதிப்பெருமாள் ஒரு தேங்காயை எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்தான். “இப்ப நான் என்ன செஞ்சேன்? ஆட்டிப் பாத்து, தட்டிப் பாத்துக் குடுத்தேன். அழுகலா இருக்குமா? இருக்காது. கூடையில அழுகல் இருக்கா இல்லியான்னு தெரியணும்னா நான் எடுக்கக் கூடாது. அந்தம்மா கண்ண மூடிட்டு எடுக்கணும்.” சொல்லிவிட்டு அவசரமாக, “இது மத்த ஆளுக கேக்க வேண்டாம், வியாபாரம் கெட்டுப்போவும்” என்றான்.

உலகம்மை கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். நாலு எட்டு போனதும் திரும்பி வந்து, பிள்ளையாருக்கென்று ஒரு தேங்காயைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். உடைந்தது. வெள்ளை வெளேரென்று நல்ல காய்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முகூர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் அதற்குள் வெற்றி பெற்றாக வேண்டும். துப்பாக்கி சுடும் மைதானத்தில் பந்தல், குத்துவிளக்கு, பூ, பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் சுப்ரியா வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். கோப்பில் ஆங்கிலம், கூட்டத்தில் மலையாளம், கோபத்தில் தமிழ் என்று தலைமைச் செயலகத்தில் ஒரு பேச்சு உண்டு. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அனூப் பேசினார். கறுப்புக் கண்ணாடி, கோட்டு, அந்த வெயிலில் டை. மாநில அளவில் சுட்டுப் பதக்கம் வாங்கியவராம். அதை மூன்று இடத்தில் சொன்னார். சண்டமாருதம் பாலைவனத்தில் சுட்டது, பனியில் சுட்டது, சேற்றில் புதைத்து எடுத்தும் சுட்டது. “பெட்டியைத் திறந்த நொடியே போருக்குத் தயார், மேடம். அதுதான் எங்கள் வாக்கு.” இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு சின்ன யுத்தம் முடிந்திருக்கும். கடைசியில் அவர் வெல்வெட் பெட்டியைத் திறந்தார்.

உலகம்மையின் வேலை அன்றைக்குத் தாம்பாளம் பிடிப்பது. அவள் தாம்பாளத்தோடு ஓர் அடி முன்னால் வந்தாள். செயலாளரைப் பார்க்கவில்லை, பிரஜின் சாரைப் பார்த்தாள்.

“சார், ஒரு காரியம். கோயில்ல மேல்சாந்திப் பூசாரிய நறுக்கெடுத்துத்தானே தெரஞ்செடுக்காங்க? பேர எழுதிக் கொடத்துல போட்டு, பகவான் முன்னால ஒண்ண எடுக்கது. இத்தர நல்ல முகூர்த்தத்துல, சுடுகது எந்தப் பிஸ்டல்னு மனுஷன் முடிவு பண்ணலாமா?”

பிரஜின் சாரின் முகம் விளக்கைவிடப் பிரகாசமாயிற்று. இப்படியொரு சடங்கு தனக்குத் தோன்றவில்லையே என்ற ஏக்கமும் அதில் இருந்தது.

“கொள்ளாம்! அசலாயிட்டுண்டு!” என்று கையைத் தட்டினார். “மேடம், நாம ஒரு நறுக்கெடுப்பு நடத்தாம். பகவதி தெரஞ்செடுக்கட்டே!”

அனூப் கண்ணாடியைக் கழற்றினார். “சார், அதுக்கு அவசியம்...”

“என்ன அவசியமில்லை?” என்றார் செயலாளர். “நன்னா இருக்கே. எதுலேர்ந்து எடுக்கறது?”

“நாப்பது பெட்டி முத்திரை உடைக்காம இருக்கு, மேடம்,” என்றாள் உலகம்மை. “பூஜைக்குத் தொறக்கல்ல. சந்தனம் உள்ள போகணும்னா கம்பெனி சீலை உடைச்சிட்டுத்தான் போகணும். எழுதிக் குடுத்தாத்தான் நான் தொறக்க முடியும்.”

செயலாளர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் பிரஜின் சாருக்குத் தாம் கையைத் தட்டியது எதற்கு என்பது மெல்லப் புரியத் தொடங்கியது. ஆனால் அஞ்சு அதற்குள் நாற்பது சீட்டு எழுதிச் சுருட்டி, அவருடைய பூஜைக் குடத்திலேயே போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

“முப்பத்தொண்ணு,” என்று செயலாளர் சீட்டைப் பிரித்தார்.

முப்பத்தொன்றாம் பெட்டி வந்தது. முத்திரையை எல்லோரும் பார்த்தார்கள். அனூப் வேறு வழியில்லாமல் கோட்டைக் கழற்றிப் போட்டார். “புதுசுக்கு ஒரு இருநூறு ரவுண்ட் பழக்கம் வேண்டும், மேடம்,” என்றார்.

“பெட்டியத் தொறந்த நொடியேன்னு இப்பத்தானே சொன்னேள்?”

சுட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வெடித்தது, கூடு வெளியே வரவில்லை. வாயில் சுருட்டு.

“தோட்டா சரியில்லை,” என்றார் அனூப்.

“நீங்க கொண்டு வந்த தோட்டாதான், சார்,” என்றாள் அஞ்சு, மிகுந்த மரியாதையோடு.

மறுபடியும் குடம் குலுங்கியது. பன்னிரண்டாம் பெட்டி. அது இரண்டாவது குண்டிலேயே நின்றது. மாநிலப் பதக்கக்காரர் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடி சரியில்லை என்று சொல்வதற்கு அங்கே அவருடைய கையைத் தவிர வேறு கை இல்லை.

செயலாளர் திரும்பினார். “நீங்க சொல்லுங்கோ. ஏன் நிக்கறது?”

உலகம்மை தாம்பாளத்தை அஞ்சுவிடம் கொடுத்தாள். முப்பத்தொன்றை வாங்கி, மாட்டியிருந்த கூட்டை நெம்பி எடுத்து, பிஸ்டலைப் பிரித்து மேஜையில் துண்டு துண்டாக அடுக்கினாள். யாரோ தும்மி முடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. நெல்மணி ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“இதுதான் கொக்கிய அமுத்திப் பிடிக்கணும், மேடம். இதுக்குப் பலமில்ல. பால்பாயிண்ட் பேனாவுல வெக்கது மாதிரி இருக்கு. எழுதுகதுக்குக் கொள்ளாம்.” அனூப்பின் பக்கம் திரும்பினாள். “அந்த வெல்வெட்டுப் பெட்டியில உள்ளதயும் தொறந்து பாக்கட்டா?”

“அது கம்பெனி சொத்து!” என்றார் அனூப். கொஞ்சம் சத்தமாகவே.

“அறுபதும் கம்பெனி சொத்தாகவே திரும்பிப் போகலாம், அதுக்கென்ன,” என்றார் செயலாளர். “நீங்க தொறங்கோ.”

வெல்வெட்டுக்காரன் பிரிந்தான். அவனுடைய ஸ்பிரிங் மேஜைக்கு வந்தது. உலகம்மை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்று நீல நிறத்தில் கனமாக, முறுக்காக இருந்தது; மற்றது பக்கத்தில் நோஞ்சானாக நின்றது. கோளாறு கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. மருந்தும் தெரிந்திருக்கிறது. டெமோவுக்கு மட்டும் மருந்து, கருவூலத்து வாசலில் நிற்கப் போகிறவர்களுக்குச் சந்தனம்.

அஞ்சு தன் கையைப் பார்த்தாள். என்றைக்காவது ஒருவன் எதிரே வந்து நின்றிருந்தால் இந்தப் பிஸ்டலோடுதான் அவள் நின்றிருப்பாள்.

“மாத்திப் போட்டுப் பாக்கலாமா, மேடம்?” என்றாள் உலகம்மை.

“பாருங்கோ.”

கனத்த ஸ்பிரிங் முப்பத்தொன்றுக்குள் போயிற்று. நோஞ்சான் வெல்வெட்டுக்காரனுக்குள் போயிற்று. உலகம்மை முப்பத்தொன்றில் பத்துத் தோட்டா நிரப்பி, சுடுகிற கோட்டில் போய் நின்றாள். மனசுக்குள் ஒரு மூலையில், ஸ்பிரிங் தவிர வேறு ஏதாவது இருந்தால், என்று ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே சுட்டாள்.

பத்தும் போயிற்று. நிற்காமல், திணறாமல், ஒரே தாளத்தில். பத்துக் கூடுகளும் வலது பக்கம் வளைந்து பறந்து மணலில் விழுந்தன. கடைசிச் சத்தம் அடங்கியதும் பின்னால் வரிசையில் நின்ற கான்ஸ்டபிள்கள், கைதட்டக் கூடாது என்ற விதியை மறந்து, ஓணத்துப் படகுப் போட்டியில் தங்கள் வள்ளம் ஜெயித்த மாதிரி கூவினார்கள். அஞ்சு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

“இப்போ உங்களோடது,” என்றார் செயலாளர் அனூப்பிடம்.

பாலைவனத்திலும் பனியிலும் சேற்றிலும் சுட்ட டெமோ பீஸ், பந்தல் நிழலில் மூன்றாவது குண்டில் நின்றது.

செயலாளர் நின்றபடியே சொல்லி, உதவியாளர் எழுதினார். அறுபதும் திரும்பிப் போகும். ஐயாயிரம் நிறுத்தி வைக்கப்படும். கோளாறின் காரணம் என்ற இடத்தில் ஆர்மரரின் மூன்று கடிதங்கள் இணைக்கப்படும். பிறகு, “இந்தம்மாவுக்கு மெமோ கொடுத்தது யாரு?” என்று கேட்டார்.

“அது வெறும் நடபடிக்கிரமம், மேடம்,” என்றார் பிரஜின் சார். “எனிக்கு ஆத்யம் முதலே அந்த ஸ்பிரிங்கில் ஒரு சம்சயம் உண்டாயிருந்தது.”

“அப்படியா? சந்தோஷம். வாபஸ் வாங்கிடுங்கோ.”

எல்லோரும் காரை நோக்கி நகர்ந்தார்கள். உலகம்மை கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினாள்.

“யாரும் போகக் கூடாது. காலிக்கூடு எடுக்கணும்.”

மைதானத்தின் சட்டம் அது. சுட்ட கூடு அத்தனையும் கையில் வந்து சேர்ந்து, ஆர்மரர் மறுபடி விசில் ஊதாமல் ஓர் ஆளும் வெளியே போக முடியாது. யார் சுட்டார்களோ அவர்கள்தான் பொறுக்க வேண்டும். கான்ஸ்டபிளானாலும் சரி, வைஸ் பிரசிடெண்டானாலும் சரி. செயலாளர் திரும்பி வந்து முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். “சட்டம்னா சட்டம்தான்,” என்றார். இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உலகம்மை தன் பத்தையும் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். அனூப் சுட்டது ஒன்பது. பிஸ்டலில் மாட்டிக்கொண்ட மூன்றை அவளே எடுத்து வைத்திருந்தாள். மணலில் கிடந்தது ஆறு. டை மணலில் புரள, பாலிஷ் போட்ட ஷூ மடங்க, அனூப் தவழ்ந்து ஐந்தைக் கண்டுபிடித்தார்.

“ஒண்ணு இல்ல, சார்,” என்றாள் உலகம்மை.

“ஒன்றுதானே?”

“ஒண்ணுதான். தேடுங்க.”

மணி பத்து இருபத்தைந்து. பிரஜின் சார் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ராகு கிளம்பிவிட்டான். “உலகம்மே, மெமோ ஞான் வாபஸ் வாங்கியாச்சு, மதியல்லோ? இனி விசில் ஊது.”

“எழுதித் தரணும், சார்.”

“நாளை தராம்.”

“கூடு கெடைக்கது வரைக்கும் நேரமிருக்கே, சார். உக்காந்து எழுதலாம்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். உலகம்மை வாங்கி முழுசும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“சந்தனம் காரணமில்லன்னு ஒரு வரி விட்டுப்போச்சு.”

எழுதினார். கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்க எழுந்தார். அவருடைய நாற்காலிக் காலடியில், இவ்வளவு நேரமும் பாதி புதைந்து, ஆறாவது கூடு பளபளத்தது. அனூப் மண்டியிட்டபடியே போய் அதை எடுத்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

உலகம்மை எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது. விசிலை ஊதினாள்.

கார்கள் போன பின் அஞ்சு ஓடி வந்தாள். “சேச்சி, அப்போ வாசல் டியூட்டிக்கு ஆரு?”

“அத கமாண்டண்ட் சாரு நல்ல நேரம் பாத்து முடிவு பண்ணட்டும். நீ வா. அறுபதையும் இன்னிக்கே கட்டணும்.”